ஒரு சாடி மன்னா

(பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு, 26 ஜூலை 2026. வாசகங்கள்: 1 அரசர்கள் 3:5, 7-12, உரோமையர் 8:28-30, மத்தேயு 13:44-52)



இன்றைய நற்செய்தியில் புதையல், முத்து, வலை என்று மூன்று உவமைகள் கேட்டோம். முதல் இரண்டைப் பற்றி நீங்கள் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். நான் இன்று மூன்றாவது உவமையோடு நின்றுகொள்கிறேன். வலை நிறைந்ததும் மீனவர்கள் அதைக் கரைக்கு இழுக்கிறார்கள். இழுத்த பிறகு உட்காருகிறார்கள். ஆண்டவர் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து, நல்ல மீன்களைக் கூடைகளில் சேர்க்கிறார்கள். ஆகாதவற்றை வெளியே எறிகிறார்கள். கொள்ளிடத்தில் வலை போடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீரில் நிற்கும் நேரம் எவ்வளவோ, கரையில் உட்கார்ந்து பிரித்தெடுக்கும் நேரமும் அவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். பிரிக்காமல் போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் எல்லாமே நாறிவிடும்.

இந்த உவமையை முடித்த கையோடு ஆண்டவர் இன்னொரு ஆளைக் காட்டுகிறார். தன் கருவூலத்திலிருந்து புதியதையும் பழையதையும் வெளியே எடுத்துத் தருகிற வீட்டுத் தலைவர் அவர். நாம் அவசரமாகக் கடந்துபோகும் வசனம் இது. அந்த மனிதர் நிறைய வைத்திருந்தார் என்று ஆண்டவர் பாராட்டவில்லை. எடுத்துக் கொடுத்தார் என்பதுதான் அங்கே செய்தி. வைத்தது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டவருக்குத் தேவையானதை எடுக்க அவர் கைக்கு வழி இருக்கிறது.

நம் பாட்டன்மார் வீட்டில் கருவூலம் என்றால் குதிர், பத்தாயம், விதைச் சோளம் கட்டித் தொங்கவிட்ட பரண். இன்று நம் வீடுகளில் நிரம்பி வழிகிற கருவூலம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நாம் சேர்த்து வைத்திருக்கும் சமையல் குறிப்புகள்.

பீடத்தின் முன் நின்று சாமியார் சமையல் குறிப்பைப் பற்றிப் பேசலாமா என்று யாரும் நினைக்க வேண்டாம். விருந்தாளிகள் மூவர் வந்தபோது ஆபிரகாம் விரைந்து செய்த வேலை, மாவைப் பிசைந்து அப்பம் சுடும்படி சாராவிடம் ஓடிப்போய்ச் சொன்னது. சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயும். எலியா அதைத்தான் கேட்டார். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் சீடர்களுக்காகக் கரியடுப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். அடுப்பங்கரையை ஒதுக்கிவிட்டு நம் மறைநூலைப் படிக்க முடியாது.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். வீடு மந்திரிக்கவும், முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கவும் வரும்போது நான் பார்ப்பது இது. அலமாரியில் ஒரு குவியல்: வார இதழோடு வந்த சமையல் இணைப்புகள், நகைக்கடை கொடுத்த டைரியில் ஒட்டிய துண்டுகள், நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதியவை, டிவி பார்த்தபடியே எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனவை. போனில் இன்னொரு குவியல். யூடியூபில் சேமித்த வீடியோக்கள், வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் போட்ட செய்திகள், ஸ்கிரீன்ஷாட்டுகள், ரீல்ஸ். மெமரி நிரம்பிவிட்டது என்று போன் கெஞ்சுகிறது. மகனின் முதல் நன்மைப் படம் எங்கே என்று கேட்டால், பன்னீர் டிக்கா படங்களைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது. இத்தனையும் இருக்க, மாலை ஏழு மணிக்கு அடுப்படியில் நின்று, “ராத்திரிக்கு என்ன வைக்கிறது?” என்று கேட்கிறோம். தெரிந்த அதே தக்காளிச் சட்னியை அரைக்கிறோம்.

இதில் குற்றம் கண்டுபிடிக்க நான் இங்கே நிற்கவில்லை. ஏன் சேர்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அன்பினால் சேர்க்கிறோம். என் பிள்ளைக்கு ஒரு நாள் இதைச் செய்து கொடுக்க வேண்டும், லீவுக்கு வரும் கணவருக்கு இதை வைக்க வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கிறது. வெயிலில் வெங்காயம் அறுத்துவிட்டு வந்து, முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து, கால் நீட்டி உட்காரும் பத்து நிமிடத்தில் ஒரு தாய் போனில் பார்த்து வைத்துக்கொள்வது அந்த ஆசையைத்தான்.

ஆனால் அன்போடு ஒரு பயமும் கலந்திருக்கிறது. நல்லது ஒன்று கைநழுவிப் போய்விடுமோ, மற்றவர்கள் வீட்டில் நடப்பது நம் வீட்டில் நடக்காமல் போய்விடுமோ என்ற பயம். நாள் போகப் போக அந்தக் குவியலே நம்மைக் குற்றம் சொல்லத் தொடங்குகிறது. இதைச் செய்யவில்லை, அதைச் செய்யவில்லை, நல்ல அம்மா என்றால் செய்திருப்பாள் என்கிறது. பெத்தானியாவில் மார்த்தா பல வேலைகளால் கலங்கிப்போனபோது ஆண்டவர் அவர் சமையலைக் குறை சொல்லவில்லை. அவருடைய கலக்கத்தைத்தான் தொட்டுப் பேசினார். செய்ய முடியாமல் போனவற்றின் பட்டியலைச் சுமந்துகொண்டு இந்தக் கோவிலுக்குள் வந்திருக்கும் தாய்மாருக்கு நான் சொல்கிறேன்: அதை இறக்கி வைக்கலாம். செய்யாத பலகாரத்துக்காக ஆண்டவர் உங்களிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை.

விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தை இன்று வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா பொழிகிறது. அன்றன்றைக்குத் தேவையானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், விடியும்வரை மீதி வைக்காதீர்கள் என்று மோசே சொல்கிறார். சிலர் கேட்கவில்லை. நாளைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று எடுத்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் புழு நெளிகிறது, நாற்றம் அடிக்கிறது. மோசே கோபப்படுகிறார். இந்தப் பகுதி நம் எல்லாருக்கும் தெரியும். அதே அதிகாரத்தின் முடிவில் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. அங்கே ஆண்டவரே மன்னாவை எடுத்து வைக்கச் சொல்கிறார்! ஓர் ஆள் ஒரு நாளைக்கு உண்ணும் அளவு மட்டும் ஒரு சாடியில் போட்டு, வருங்காலத் தலைமுறைகள் பார்க்கும்படி ஆண்டவர் திருமுன் வைக்க வேண்டும். ஆரோன் வைக்கிறார். அது புழுக்கவில்லை. எபிரேயர் திருமுகம் சொல்வதுபோல், உடன்படிக்கைப் பேழைக்குள் கட்டளைப் பலகைகளுக்குப் பக்கத்தில் அந்த மன்னாச் சாடி இருந்தது. இறைவனின் சட்டத்துக்கு அருகே, மக்கள் தின்று பிழைத்த உணவு!

ஒரே மன்னாதான். பயந்து தனக்கென்று பதுக்கியது ஓர் இரவில் கெட்டது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கென்று வைத்தது நிலைத்தது. அவ்வளவு பேர் நாற்பது ஆண்டு உண்ட உணவில் எடுத்து வைக்கச் சொன்ன அளவு எவ்வளவு? ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாடு. நம் வீட்டுக் குவியலில் எது பதுக்கியது, எது அந்தச் சாடிக்கு உரியது? இதைக் கண்டுபிடிப்பதுதான் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

அந்த வேலைக்குக் கண் மட்டும் போதாது. கிபயோனில் ஆண்டவர் கனவில் தோன்றி, என்ன வேண்டும் என்று கேட்டபோது சாலமோன் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை, செல்வத்தைக் கேட்கவில்லை, எதிரிகளின் சாவைக் கேட்கவில்லை. நன்மை தீமையைப் பகுத்தறியும் உள்ளத்தைக் கேட்டார். அரசு நடத்துவதற்குக் கேட்டது அடுப்பங்கரைக்கு எதற்கு என்பீர்கள். ஒரு குடும்பத்தை நடத்துகிறவருக்கு ஒரு நாளில் எத்தனை முடிவுகள்! எதை வாங்குவது, எதை விடுவது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், யாருக்கு எதைக் குறைக்க வேண்டும். அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் சிலுவை வரைந்து அந்த மன்றாட்டைச் சொல்லுங்கள். பிறகு உட்காருங்கள்.

செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறை போட்டு வைத்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். அழுகல் ஒன்று உள்ளே இருந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். அதைப் பொறுக்கி எறிகிற கை நல்ல வெங்காயத்தின் மேல் இருக்கும் அக்கறையால்தான் எறிகிறது.

முதலில் எறிய வேண்டிய அழுகலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோய் சில நாளில் ஓடிப்போகும் கஷாயம், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் சாறு, புற்றுநோயைக் குணமாக்கும் இலை என்று வருகிற செய்திகள். எழுதியவர் யார் என்று தெரியாது. எந்த மருத்துவரும் அதற்குப் பொறுப்பில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள், காலில் புண் வந்த பிறகு என்னைச் செபிக்கக் கூப்பிடுகிறார்கள். நான் வருகிறேன், செபிக்கிறேன். ஆனால் அந்தச் செய்தியை நீங்களும் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தால் அது சாதாரணக் காரியம் இல்லை. அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம் அன்பாகச் சொல்லுங்கள், இனி அனுப்ப வேண்டாம் என்று.

மற்றவற்றில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு குறிப்பையும் கையில் எடுக்கும்போது, இது நம் வீட்டில் ஒரு தடவையாவது சோறாகியிருக்கிறதா, இதை யாருக்காக வைத்தேன், யாரிடமிருந்து வாங்கினேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்து பார்த்துப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கேட்ட குறிப்பு கூடைக்குப் போகும். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியக் குழம்பு, வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டும் உளுந்தங்களி, காய்ச்சல்காரருக்குக் காய்ச்சும் கஞ்சி ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு தடவைகூடச் செய்யாமல் இருக்கலாம். ஆனால் தேவைப்படும் அன்று உடனே கையில் கிடைக்க வேண்டும். ஓவனில் சுடும் கேக் குறிப்பை, வீட்டில் ஓவன் இல்லாமலே ஐந்து ஆண்டாக வைத்திருக்கிறோம் என்றால், ஓவன் இருக்கிற வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடலாமே. ஒரே சாம்பாருக்குப் பன்னிரண்டு குறிப்பு இருந்தால், நம் வீட்டுச் சாம்பார் எது என்று தேர்ந்துகொண்டு மற்றதை விடலாம். இன்னும் முடிவு செய்ய முடியாததை ஓர் உறையில் போட்டு வைத்து, திருவருகைக்காலம் தொடங்கும்போது ஒரு தடவை பாருங்கள். அதுவரை அதைத் திறக்கவே இல்லை என்றால், உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மறையுரையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியின் டைரியைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்தவர் சேர்த்ததை அழிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பக்கத்தில் உட்காருங்கள், வாசித்துக் கொடுங்கள். எது நன்றாக இருந்தது என்று இத்தனை நாள் வாய் திறந்து சொல்லாமல் சாப்பிட்டிருப்பீர்கள், அன்று சொல்லுங்கள். முடிந்தால் ஒன்றை நீங்களே சமையுங்கள்.

சிலவற்றைச் சமையலுக்கு உதவுமா என்று பார்த்து எடைபோடக் கூடாது. இறந்துபோன அம்மாவின் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கலாம். எண்ணெய்க் கறை படிந்து பாதி எழுத்து அழிந்திருக்கலாம். அது அவருடைய கை பட்ட தாள். திருப்பண்டத்தை வைப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் போனில் அம்மா பேசி அனுப்பிய ஆடியோக்கள் இருக்கின்றன. “புளியைக் கரைச்சு ஊத்திட்டு, பச்சை வாசம் போனப்புறம் கருவாட்டைப் போடு, முன்னாடியே போட்டுடாதப்பா” என்று தொடங்கி, சாப்பிட்டாயா, தூங்கினாயா, பூசைக்குப் போனாயா என்று முடிகிற ஆடியோ. இடம் போதவில்லை என்று மொத்தமாக அழித்துவிட்டு, பிறகு அந்தக் குரல் வேண்டும் என்று ஏங்கும் நாள் வரும். அழிப்பதற்கு முன் கேட்டுப் பாருங்கள். பிரித்தெடுக்காமல் எறிவதும், பிரித்தெடுக்காமல் குவிப்பதும் ஒரே சோம்பல்தான்.

நம் மண்ணில் ஒழுங்குபடுத்தும் பணியை இறைப்பணியாகவே செய்த ஒருவர் வாழ்ந்திருக்கிறார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் போகாத குடும்பம் நம் பங்கில் இருக்காது. திருக்காவலூர் என்றும் பெயர் பெற்ற அந்த ஊரில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. தேம்பாவணி பாடியவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்கு முன் தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் அறியப் பெரும்பாலும் நிகண்டுகள்தான் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று எல்லாம் பாட்டு. மனப்பாடம் செய்தவருக்கு அவை பெரிய செல்வம். செய்யாதவருக்குப் பூட்டிய அறை. ஒரு சொல் வேண்டுமென்றால் அது எந்தப் பாட்டில் வருகிறது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். வீரமாமுனிவர் அந்தப் பழைய செல்வத்தை ஒதுக்கவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, அ, ஆ என்ற எழுத்து வரிசையில் நிறுத்தினார். மனப்பாடம் செய்யாத எளியவனும் தேடி எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. அது அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் சென்னையில் அச்சானது. தமக்குப் பின்னால் வருகிறவனுக்காக ஒரு மனிதர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து அடுக்கியிருக்கிறார். பழையதையும் புதியதையும் எடுத்துத் தரும் வீட்டுத் தலைவர் என்று நற்செய்தியில் கேட்கும்போது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

நீங்கள் அகராதி எழுத வேண்டாம். கூடையில் சேர்த்தவற்றை ஒரு நோட்டில், எவரும் எடுக்கும்படி எழுதுங்கள். காலை, மதியம், பலகாரம், பத்தியம், திருவிழா என்று பிரித்தால் போதும். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே யாரிடமிருந்து கற்றது என்று அவர் பெயரை எழுதுங்கள். பெரியம்மாவாக இருக்கலாம், ஆடி பதினெட்டுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், பெருநாளுக்குப் பிரியாணி கொடுக்கும் பாய் வீட்டம்மாவாக இருக்கலாம். நாம் உண்டு வளர்ந்தது எத்தனை பேர் கைப்பக்குவத்தால் என்று அந்தப் பெயர்கள் சொல்லும்.

இன்று ஜூலை 26. ஞாயிறாக இல்லாவிட்டால் இன்று புனித சுவக்கின், அன்னா நினைவைக் கொண்டாடியிருப்போம். அவர்கள் நம் ஆண்டவரின் தாத்தா, பாட்டி. ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளும்கூட. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் அதைத் தொடங்கி வைத்தார். சுவக்கின், அன்னா என்ற பெயர்கள் விவிலியத்தில் இல்லை. திருச்சபையின் பழைய மரபு அவற்றைக் காத்துக் கொடுத்தது. கன்னி மரியா நாசரேத்தில் அப்பம் சுட்டது யாரிடம் கற்று? தம் தாயிடமாகத்தான் இருக்கும். இயேசு மாவில் புளிப்பு மாவைக் கலக்கும் பெண்ணைப் பற்றி, எந்த அளவு மாவுக்கு என்பதுவரை, உவமை சொன்னார். வீட்டில் பார்க்காத பிள்ளைக்கு அது தெரியாது.

நம் வீட்டுப் பாட்டிகளைப் பாருங்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதன் பிறகு நம் போன்களில் வரகு பீட்சா வந்தது, வரகு நூடுல்ஸ் வந்தது, சேமித்தும் வைத்திருக்கிறோம். இதே பெரம்பலூர், அரியலூர் மண்ணில் வரகு விதைத்து, திருகையில் உடைத்து, புடைத்து, சோறாக்கித் தின்று வளர்ந்த பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. வரகின் உமி அடுக்கடுக்காக இருக்கும், ஒரு தடவை உடைத்தால் போகாது என்று அவருக்குத் தெரியும். கதிர் முற்றும்போது மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகைத் தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும், நடுக்கம் எடுக்கும் என்றும் தெரியும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பூஞ்சை பிடித்த வரகுப் பயிரைத் தின்று 10 யானைகள் செத்துப்போனதைப் பத்திரிகையில் படித்தோம். எந்த வீடியோவும் சொல்லாத எச்சரிக்கை நம் திண்ணையில் இருக்கிறது. ஆண்டிமடம், வரதராசன்பேட்டைப் பக்கத்துத் தாய்மார் பச்சை முந்திரிக்கொட்டையைக் கையில் புண்படாமல் பிளந்தெடுத்துக் குழம்பு வைப்பார்கள். அதன் தோலில் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். அந்தப் பக்குவம் எத்தனை மருமகள்களுக்குத் தெரியும்?

பாட்டியிடம் அளவு கேட்டால், “ஒரு கை போடு, கண்ணுக்குத் தெரியும்” என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். அவர் கையால் எடுத்துப் போடும்போது அந்தக் கைப்பிடியை ஒரு டம்ளரில் போடச் சொல்லி அளந்து எழுதுங்கள். அவர் ஆழாக்கு, உழக்கு என்பார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், பேரப்பிள்ளைக்குப் புரியட்டும். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை எழுதியது உறவினர்கள் பக்குவம் கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியதால்தான். பதில் எழுதி எழுதி ஒரு கட்டத்தில் நூலாகவே ஆக்கிக் கொடுத்தார். நம் வீட்டில் நாம் கேட்காததால் எழுதப்படாமல் போகிறது.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். கேட்க வரும் மருமகளிடம் ஒரு சாமானை மட்டும் விட்டுச் சொல்லும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தன் கைப்பக்குவம் தன்னோடு இருக்கட்டும் என்ற எண்ணம். ஒரு வயதில் மதிப்பு எல்லாம் கையைவிட்டுப் போகும்போது, மீதியிருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த வலி எனக்குப் புரிகிறது. என்றாலும் அது விடியும்வரை வைத்த மன்னா. கொடுத்துவிடுங்கள். மருமகளே, மாமியார் சொன்னதை நோட்டில் எழுதும்போது அவர் பெயரைப் பெரிதாக எழுது.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தான் ஆண்டவரிடமிருந்து பெற்றுக்கொண்டதையே அவர்களிடம் ஒப்படைத்ததாகச் சொல்லித் தொடங்குகிறார். அதன் பிறகு அவர் சொல்வது ஓர் இரவு உணவைப் பற்றி. ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைக் கையில் எடுத்தது, நன்றி கூறிப் பிட்டுக் கொடுத்தது, தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னது. ஆண்டவர் தம் கையால் நூல் எதுவும் எழுதவில்லை. ஒரு பந்தியை விட்டுச் சென்றார். அதைச் செய்யச் சொன்னார். பெற்றவர் அடுத்தவர் கையில் கொடுக்க, அவர் அதற்கடுத்தவர் கையில் கொடுக்க, இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் அது நடக்கப்போகிறது. பெற்றதைக் கெடாமல் கொடுப்பது எப்படி என்று நம் குடும்பங்கள் பழகும் முதல் இடம் வீட்டு அடுப்படி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆகஸ்டு மாதம் முழுவதும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் நம் பள்ளி வராந்தாவில் பாய் விரித்து வைப்போம். நம் பெரியவர்கள் அங்கே உட்காரட்டும். நடக்க முடியாதவர்களை அன்பியப் பொறுப்பாளர்கள் வண்டியில் அழைத்து வாருங்கள். வரவே முடியாதவர்கள் வீட்டுக்கு இளையோர் இருவர் இருவராகப் போங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் எழுத வாருங்கள், பையன்களும்தான். நோட்டும் பேனாவும் பங்கில் கொடுப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு பக்குவம் எழுதினால் போதும். சாடியில் வைத்தது ஓர் ஆளுக்கு உரிய அளவுதான். எழுதிய குறிப்பை அந்த வாரமே வீட்டில் ஒரு தடவை சமைத்துப் பார்த்து, உப்பும் புளியும் சரியா என்று சொன்னவரிடமே ருசி பார்க்கக் கொடுத்துத் திருத்திக்கொண்டு வாருங்கள். அம்மாவும் பாட்டியும் இல்லாத பிள்ளைகள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று அன்பியக் கூட்டத்தில் பேசி, எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.